பிளஸ் 2 ஆங்கிலத் தேர்வு: கையில் 30 நாள்... தினமும் ஒரு மணி நேரம் போதுமா? - முழு திட்டம் இதோ!

"இன்ஜினியரிங் கட்-ஆஃப்ல இங்கிலீஷ் மார்க்கே வராது. கடைசி நேரத்துல பார்த்துக்கலாம்." பிளஸ் 2 வகுப்புகளில் ஆண்டுதோறும் கேட்கும் வசனம் இது. ஒரு வகையில் உண்மைதான். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் 200 மதிப்பெண் கட்-ஆஃப் கணக்கில் கணிதம், இயற்பியல், வேதியியல் மட்டும்தான் சேரும்.

ஆனால் அந்தக் கட்-ஆஃப் செல்லுபடியாக வேண்டுமென்றால் முதலில் பிளஸ் 2 தேர்ச்சி வேண்டும். கணிதத்தில் 95 எடுத்தவரும் ஆங்கிலத்தில் 35-ஐத் தொடாவிட்டால் துணைத் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். தோழர்கள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இவர் மட்டும் மறுபடி ஹால் டிக்கெட்டுக்குக் காத்திருப்பார். தமிழ்வழியில் படித்த பலருக்கு இந்தப் பயம் பிளஸ் 2 முழுக்கக் கூடவே வருகிறது.

பொதுத்தேர்வில் வழக்கமாகத் தமிழுக்கு அடுத்தது ஆங்கிலம். 2025-ல் மார்ச் 3 தமிழ், மார்ச் 6 ஆங்கிலம். இடையில் கிடைத்தது இரண்டே நாள். அந்த இரண்டு நாளை நம்பி உட்கார முடியாது. பிப்ரவரி தொடக்கத்திலேயே ஆரம்பித்தால், மற்ற 5 பாடங்களையும் பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தை முடிக்கலாம். எப்படி?

90 மதிப்பெண் எப்படிப் பிரிகிறது?

ஆங்கிலத்துக்கு மொத்தம் 100. அதில் 10 அகமதிப்பீடு, 90 எழுத்துத் தேர்வு. வினாத்தாளில் 4 பகுதிகள், 47 கேள்விகள். வழக்கமான அமைப்பு இதுதான்:

* பகுதி 1: ஒரு மதிப்பெண் கேள்விகள் 20. இதில் சாய்ஸ் கிடையாது. (20 மதிப்பெண்)
* பகுதி 2: இரண்டு மதிப்பெண் கேள்விகள் 7. செய்யுள் வரிகளில் 6-க்கு 4, இலக்கணத்தில் 4-க்கு 3. (14 மதிப்பெண்)
* பகுதி 3: மூன்று மதிப்பெண் கேள்விகள் 7. ஈ.ஆர்.சி. எனப்படும் இடஞ்சுட்டி விளக்கம் 3-க்கு 2, உரைநடை 3-க்கு 2. வரைபடம், உரையாடல், செய்முறை விளக்கம், பழமொழி போன்றவற்றில் 4-க்கு 3. (21 மதிப்பெண்)
* பகுதி 4: ஐந்து மதிப்பெண் கேள்விகள் 7. ஒவ்வொன்றிலும் 'இது அல்லது அது' என இரண்டு கேள்வி இருக்கும். (35 மதிப்பெண்)

மனப்பாடத்துக்கு 41... பயிற்சிக்கு 49!

இதே 90 மதிப்பெண்ணை வேறு மாதிரி பிரித்துப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் தெரியும்.

பாடப்புத்தகத்தைப் படித்தால் மட்டுமே எழுத முடிந்தவை: செய்யுள் வரிகள் 8, ஈ.ஆர்.சி. 6, உரைநடைச் சிறுவினா 6, மூன்று பெரிய பத்திகள் 15, ஒருபொருள் மற்றும் எதிர்ச்சொல் 6. மொத்தம் 41.

பாடத்தை மனப்பாடம் செய்யாமலே எழுதக்கூடியவை: மீதி ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, இலக்கணம் 6, வரைபடம்-உரையாடல் வகை 9, நோட் மேக்கிங், கடிதம், ஸ்பாட் தி எரர், காம்ப்ரிஹென்ஷன் ஆகியவை சேர்ந்து 20. மொத்தம் 49.

அதாவது பாதிக்கு மேல் மதிப்பெண், கைடு புத்தகத்தை உருப்போடுவதால் வருவதில்லை. பேனாவை எடுத்து எழுதிப் பழகினால் மட்டுமே வரும். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் கடைசி மாதத்தில் பத்தி பத்தியாக மனப்பாடம் செய்வதில்தான் நேரத்தை விடுகிறார்கள். 30 நாள் திட்டம் மாற்ற வேண்டிய முதல் பழக்கம் இதுதான்.

முதல் நாள்: படிக்காமலே ஒரு தேர்வு

திட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குவது நல்லது. பழைய பொதுத்தேர்வு வினாத்தாள் ஒன்றை எடுத்து, 3 மணி நேரம் கடிகாரம் வைத்து எழுத வேண்டும். "ஒண்ணுமே படிக்கலையே" என்று தயங்க வேண்டியதில்லை. எது தெரியவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் இந்தத் தேர்வு.

எழுதி முடித்ததும் ஒரு தாளில் மூன்று கட்டம் போட வேண்டும். 'தெரியும்', 'குழப்பம்', 'தெரியாது'. 47 கேள்வி எண்களும் ஏதாவது ஒரு கட்டத்துக்குள் போய்விடும். அடுத்த 29 நாளில் முதல் கவனம் 'குழப்பம்' கட்டத்துக்குத்தான். பாதி தெரிந்ததை முழுசாக்குவது சுலபம், மதிப்பெண்ணும் சீக்கிரம் ஏறும்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது?

* முதல் 25 நிமிடம்: ஒரு பாடம் படிப்பது.
* அடுத்த 10 நிமிடம்: ஒரு மதிப்பெண் கேள்விகள்.
* கடைசி 25 நிமிடம்: புத்தகத்தை மூடிவிட்டு எழுதுவது.

கடைசி 25 நிமிடத்தை எந்தக் காரணத்துக்கும் விடக்கூடாது. "வாசிச்சுப் பார்த்தேன், எல்லாம் தெரியுது" என்பது ஒரு மாயை. கண் பார்க்கும்போது தெரிவது, கை எழுதும்போது வராது. ஸ்பெல்லிங் எங்கே தடுமாறுகிறது என்பதும் எழுதினால்தான் தெரியும்.

முதல் வாரம் (நாள் 2 முதல் 7): உரைநடை

தற்போதைய பாடநூலில் 6 உரைநடை, 6 செய்யுள், 6 துணைப்பாடம் உள்ளன. நாளுக்கு ஒன்று என்று வைத்தாலே 18 நாளில் முடிந்துவிடும். புத்தகம் கையில் இல்லாதவர்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பதிவிறக்கலாம்.

தமிழ்வழி மாணவர்கள் 'தி சேர்' பாடத்திலிருந்து தொடங்கலாம். அது கி.ராஜநாராயணனின் 'நாற்காலி' சிறுகதையின் மொழிபெயர்ப்பு. தமிழில் ஒருமுறை படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

மற்ற பாடங்களையும் கதையாகவே மனதில் வைக்கலாம். 'டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா' என்றால், மருத்துவமனையில் இருக்கும் அக்காவுக்காக உழைக்கும் இரண்டு சிறுவர்கள். 'தி சம்மிட்' என்றால் 1953-ல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட கடைசி மணி நேரங்கள். 'எ நைஸ் கப் ஆஃப் டீ' என்றால் நல்ல தேநீருக்கு ஜார்ஜ் ஆர்வெல் சொல்லும் 11 விதிகள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் 5 கேள்விக்கு விடை எழுதி வைத்தால் போதும்: யார்? எங்கே? என்ன பிரச்னை? எங்கே திருப்பம்? எப்படி முடிந்தது? ஒவ்வொரு விடையையும் 2 சின்ன ஆங்கில வாக்கியமாக்கினால் 10 வாக்கியம். ஐந்து மதிப்பெண் பத்திக்கு அதுவே முதுகெலும்பு. சொந்த நடையில் சின்னச் சின்ன வாக்கியம் எழுதினால் பிழை குறையும். கைடு பத்தியை உருப்போட்டவருக்கு நடுவில் ஒரு வரி மறந்தால் மொத்தமும் நின்றுவிடும்.

இந்த வாரம் தினசரி எழுத்துப் பயிற்சிக்கு: நேர்க்கூற்று-அயற்கூற்று, செய்வினை-செயப்பாட்டு வினை, இஃப் வாக்கியங்கள். இஃப் வாக்கியத்துக்குத் தமிழே கைகொடுக்கும். 'படித்தால் தேறுவாய்' என்பது 'இஃப் யூ ஸ்டடி, யூ வில் பாஸ்'. 'படித்திருந்தால் தேறியிருப்பாய்' என்பது 'இஃப் யூ ஹேட் ஸ்டடீட், யூ வுட் ஹேவ் பாஸ்ட்'. இரண்டுக்கும் உள்ள கால வித்தியாசம் புரிந்தால் விதியை உருப்போட வேண்டியதில்லை.

இரண்டாம் வாரம் (நாள் 8 முதல் 14): செய்யுள்

பலரும் தவிர்க்க நினைப்பது செய்யுளைத்தான். ஆனால் வரிகள் 8, ஈ.ஆர்.சி. 6, பத்தி 5 என்று செய்யுளுக்கு மட்டும் 19 மதிப்பெண் இருக்கிறது.

நல்ல செய்தி என்னவென்றால், 6 செய்யுளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு கதையோ காட்சியோ இருக்கிறது. 'தி கேஸில்' செய்யுளில் அசைக்க முடியாத கோட்டை ஒரு காவலாளியின் பேராசையால் விழுகிறது. 'இன்சிடென்ட் ஆஃப் தி ஃபிரெஞ்ச் கேம்ப்' வெற்றிச் செய்தியை நெப்போலியனிடம் கொண்டுவந்து, அவர் காலடியிலேயே உயிரை விடும் இளம் வீரனைப் பற்றியது. 'அவர் கேஷுரினா ட்ரீ' சவுக்கு மரத்தோடு சேர்ந்த பால்ய நினைவு. 'யுலிஸஸ்' முதுமையிலும் மறுபடி கடலுக்குப் போகத் துடிக்கும் ஒரு மன்னனின் பேச்சு.

ஈ.ஆர்.சி. விடைக்கு ஒரே அமைப்பு போதும்: செய்யுள் பெயர், கவிஞர் பெயர், எந்தச் சூழலில் வருகிறது, என்ன பொருள். 6 கவிஞர் பெயரையும் பிழையில்லாமல் எழுதப் பழகிவிட்டால் எந்த வரி வந்தாலும் தொடக்கம் தயார். உவமை, உருவகம், எதுகை-மோனை போன்ற அணிகளையும் இந்த வாரமே பார்த்துவிடலாம்.

எழுத்துப் பயிற்சிக்கு: வரைபடம், உரையாடல், செய்முறை விளக்கம். டீ போடுவது எப்படி, வங்கிக் கணக்கு தொடங்குவது எப்படி என்று தெரிந்த விஷயத்தையே 5 வரியில் எழுதிப் பார்க்கலாம்.

14-ம் நாள் காலி நாள். விட்டுப்போனதைப் பிடிக்க.

மூன்றாம் வாரம் (நாள் 15 முதல் 21): துணைப்பாடம்

நாவல் பகுதி, சிறுகதை, நாடகம் என்று இருப்பதால் படிக்கச் சலிக்காது. செய்யாத கொலைக்காக 26 ஆண்டு சைபீரியாவில் கிடந்தவரின் கதை (டால்ஸ்டாய்), நடுக்கடலில் புலியோடு மாட்டிக்கொண்ட பாண்டிச்சேரிப் பையனின் கதை ('லைஃப் ஆஃப் பை'), ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வெயில் வரும் வெள்ளிக் கிரகத்தில் அந்த வெயிலைப் பார்க்க விடாமல் பூட்டிவைக்கப்பட்ட சிறுமியின் கதை ('ஆல் சம்மர் இன் எ டே')... சினிமா கதை மாதிரி ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்தாலே நினைவில் நிற்கும்.

எழுத்துப் பயிற்சிக்கு: கடிதம், வேலை விண்ணப்பம், நோட் மேக்கிங். கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள், விளிப்பு, முடிப்பு என்ற அமைப்பு சரியாக இருந்தாலே ஒரு பகுதி மதிப்பெண் உறுதி. ஒரு எச்சரிக்கை: தேர்வில் சொந்தப் பெயரையோ பள்ளிப் பெயரையோ எழுதக்கூடாது. 'எக்ஸ்', 'ஒய்' போன்ற எழுத்துகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

21-ம் நாள் மறுபடி காலி நாள்.

நான்காம் வாரம் (நாள் 22 முதல் 30): முழுத் தேர்வுகள்

22, 25, 28-ம் நாட்களில் தலா ஒரு முழு வினாத்தாள். முடிந்தால் காலை 10 மணிக்கே உட்கார வேண்டும். இடைப்பட்ட நாட்களில் புதிதாக எதையும் எடுக்காமல், அந்தத் தாளில் விட்ட தவறுகளை மட்டும் சரிசெய்ய வேண்டும். முதல் நாள் போட்ட மூன்று கட்டத்தை 28-ம் நாள் மறுபடி போட்டுப் பார்த்தால் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

29, 30-ம் நாட்கள் இலகுவாக: கவிஞர் பெயர்கள், கடித அமைப்பு, 5 கேள்விக் குறிப்புகள், அவ்வளவுதான்.

4 முழுத் தேர்வுக்கு 12 மணி நேரம், மீதி 26 நாளுக்கு 26 மணி நேரம். ஆக மொத்தம் 38 மணி நேரம். ஒரு மாதத்தில் ஒதுக்க முடியாத நேரம் இல்லை இது.

ஒரு மதிப்பெண்: 10 நிமிடத்தில் என்ன செய்யலாம்?

ஒரு நாளைக்கு ஒரு வகை மட்டும். சில எளிய பிடிகள்:

* அசை எண்ணிக்கை: சொல்லைக் கைதட்டிச் சொன்னால் வந்துவிடும். இன்-டர்-நே-ஷ-னல்: 5 தட்டு, 5 அசை.
* இரண்டு சொல் கலந்த சொல்: ஸ்மோக், ஃபாக் சேர்ந்தால் ஸ்மாக். பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச் சேர்ந்தால் பிரஞ்ச்.
* சுருக்கிய சொல்: லேப், ஜிம், ஃபோன் எல்லாம் நீளமான சொல்லின் வெட்டிய வடிவம்தான்.
* கொஸ்டின் டேக்: வாக்கியம் உடன்பாடு என்றால் டேக் எதிர்மறை. ஹார்ட்லி, ஸெல்டம் போன்ற சொல் வந்தால் வாக்கியமே எதிர்மறை என்பதால் டேக் உடன்பாடு. பலர் மதிப்பெண் விடும் இடம் இது.

தமிழில் யோசிப்பதால் வரும் பிழைகள்

ஸ்பாட் தி எரர் கேள்விக்கு 5 மதிப்பெண். அதில் வரும் பல பிழைகள் அன்றாடம் பேசும் ஆங்கிலத்தில் இருப்பவைதான்.

* 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' தவறு. 'ஃப்ரெண்ட்ஸ்' என்று பன்மையில் வர வேண்டும்.
* 'டிட் நாட் வென்ட்' தவறு. 'டிட் நாட் கோ' சரி.
* 'டிஸ்கஸ் அபவுட்' தவறு. 'டிஸ்கஸ்' மட்டும் போதும்.
* 'ஸீனியர் தேன் மீ' தவறு. 'ஸீனியர் டு மீ' சரி.
* 'தோ' வந்த வாக்கியத்தில் மறுபடி 'பட்' வரக்கூடாது.

இப்படித் தினம் இரண்டு பிழையை நோட்டில் எழுதி வந்தாலே மாதக் கடைசியில் 60 வந்துவிடும். சொந்தப் பத்திகளிலும் அந்தப் பிழைகள் குறையும்.

எல்லாப் பாடத்தையும் படிச்சே ஆகணுமா?

படித்தால் நல்லது. நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு. ஐந்து மதிப்பெண் உரைநடையில் இரண்டு வெவ்வேறு பாடங்களிலிருந்து கேள்வி வந்து, ஒன்றை எழுதச் சொன்னால், 6 பாடத்தில் இரண்டைத் தேர்ந்தெடுக்க 15 வழிகள் இருக்கின்றன. 5 பாடம் தெரிந்தவருக்கு ஒரு கேள்வியாவது கட்டாயம் தெரியும். 4 பாடம் தெரிந்தவர் 15-ல் ஒரே ஒரு வழியில்தான் மாட்டுவார். 3 பாடம் மட்டும் தெரிந்தவர் 15-ல் 3 வழிகளில் மாட்டுவார், அதாவது ஐந்தில் ஒரு வாய்ப்பு. எனவே 6-ல் 4 பாடத்தை உறுதியாகப் படிப்பது, ஆறையும் அரைகுறையாகப் பார்ப்பதைவிட மேல்.

தேர்ச்சி பெறுவோமா என்று பயமா?

அகமதிப்பீட்டில் 10 முழுசாக இருந்தால், எழுத்துத் தேர்வில் 25 எடுத்தாலே 35 வந்துவிடும். மனப்பாடம் தேவைப்படாத பகுதியிலிருந்தே அதை எட்டலாம். ஒரு மதிப்பெண்ணில் 10, காம்ப்ரிஹென்ஷனில் 4, கடிதத்தில் 3, நோட் மேக்கிங்கில் 3, வரைபடத்தில் 3, பழமொழியில் 3, உரையாடலில் 2 என்றால் மொத்தம் 28. எனவே பயம் அதிகம் உள்ளவர்கள் முதல் இரண்டு வாரமும் இந்தப் பகுதிகளுக்குக் கூடுதல் நேரம் கொடுத்துவிட்டு, பிறகு பாடங்களுக்கு வரலாம்.

செய்முறைத் தேர்வு குறுக்கே வந்தால்?

பிப்ரவரியில்தான் பெரும்பாலும் செய்முறைத் தேர்வும் நடக்கும். ரெக்கார்டு நோட்டு, வைவா என்று அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைக்காது. அந்த நாட்களில் 10 நிமிட ஒரு மதிப்பெண் பயிற்சியை மட்டும் விடாமல் செய்துவிட்டு, மற்றதைக் காலி நாட்களுக்குத் தள்ளலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டாம். அப்படி உட்கார்ந்தால் மூன்றாம் நாளும் தவறும்.

ஆங்கிலம் தெரியாத பெற்றோர் எப்படி உதவலாம்?

நிறையவே உதவலாம். பிள்ளை படித்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். தடுமாறாமல் சொன்னால் பாடம் புரிந்திருக்கிறது என்று அர்த்தம். "அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று ஒரு அம்மா கேட்கும் கேள்வி, சில நேரம் டியூஷனைவிடப் பயன் தரும். அந்த ஒரு மணி நேரம் செல்போனை வாங்கி வைப்பதும், முழுத் தேர்வு எழுதும் நாளில் வீட்டில் டிவியை அணைத்து வைப்பதும் அடுத்த உதவி.

தேர்வு அறையில் நேரம் எப்படி?

காலை 10 மணிக்குத் தொடங்கும் தேர்வில் முதல் 10 நிமிடம் வினாத்தாளை வாசிக்க, அடுத்த 5 நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. 10.15 முதல் 1.15 வரை எழுதலாம். 90 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். ஒரு மதிப்பெண்ணுக்கு 2 நிமிடம், இதுதான் அளவுகோல்.

* பகுதி 1: 25 நிமிடம்
* பகுதி 2: 30 நிமிடம்
* பகுதி 3: 45 நிமிடம்
* பகுதி 4: 70 நிமிடம்
* சரிபார்க்க: 10 நிமிடம்

வாசிக்கும் 10 நிமிடத்திலேயே சாய்ஸில் எதை எழுதுவது என்று முடிவு செய்துவிட வேண்டும். கேள்வி எண்ணை மாற்றிப் போட்டுவிடாமல் கவனிக்க வேண்டும். ஐந்து மதிப்பெண் பத்தி ஒன்றை அழகாக மூன்று பக்கம் எழுதிவிட்டு, கடைசி காம்ப்ரிஹென்ஷனைத் தொடாமல் வருவதுதான் பலரும் செய்யும் தவறு. அங்கே விடை கேள்வித்தாளிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வருவது கையில் இருக்கும் மதிப்பெண்ணைத் தூக்கிப் போடுவது மாதிரி.

சரி, ஒரு மணி நேரம் போதுமா? அந்த ஒரு மணி நேரத்தில் 25 நிமிடமாவது பேனா ஓடினால், போதும்.